பாசன நீர் ஆய்வில் கியூஜிஐஎஸ்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

ஆற்று வடிநிலங்களில் பாசனத்துக்கு எவ்வளவு தண்ணீர் தேறும், அந்தத் தண்ணீர் பயிருக்கு ஆகுமா என்று பார்ப்பது என் வேலை. இலவசம் என்பதற்காகத்தான் கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருள் பக்கம் வந்தேன். ஆண்டுக்கணக்கில் புழங்கிய பிறகு என் தீர்ப்பு இதுதான்: வடிநிலத்தின் எல்லையைப் பிரித்துத் தருவதில் இதை நம்பலாம். ஆற்று நீரின் தரத்தை வண்ணப்படமாக விரித்துக் காட்டும்போது நம்பக் கூடாது.

எல்லை பிரிக்க உயரத் தரவு வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு, 30 மீட்டர் நுணுக்கத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அதை மீட்டர் அலகுள்ள வீழலுக்கு (உருண்டைப் புவியைத் தட்டைப் படமாக்கும் முறைக்கு) மாற்றிக்கொண்டு, கிராஸ் என்ற நிலப்பட மென்பொருள் தொகுப்பின் ஆர்.வாட்டர்ஷெட் கருவியை ஓட்டினால், துணையாறுகள் இலை நரம்பு போலப் பிரிந்து வரும். தரவிலுள்ள போலிக் குழிகளை முன்கூட்டியே நிரப்பவும் தேவையில்லை. ஓடை எங்கே தொடங்க வேண்டும் என்பதை மட்டும் கட்டங்களின் எண்ணிக்கையாகக் கேட்கும். 30 மீட்டருக்கு 30 மீட்டர் என்பதால் ஒரு கட்டம் 900 சதுர மீட்டர்; 10,000 என்று கொடுத்தால் 9 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு சேர்ந்த பிறகே ஓடை வரையப்படும்.

அணைக்கட்டு இருக்கும் இடத்தைப் புள்ளியாக வைத்து, அதற்கு மேலுள்ள நீர்ப்பிடிப்புப் பரப்பைக் கேட்கும்போதுதான் கவனம் தேவை. புள்ளி ஓடைக் கட்டத்தை விட்டு ஒரே ஒரு கட்டம் தள்ளி விழுந்தாலும் போதும், ஆயிரம் சதுர கிலோமீட்டர் வர வேண்டிய இடத்தில் கரையோரத்துச் சிறு துண்டு ஒன்று வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. மென்பொருளைப் பொறுத்தவரை அதுவும் சரியான விடைதான். சமவெளியில் வேறொரு தொல்லை. இந்த உயரத் தரவு மர உச்சியைக்கூடத் தரையென்று எடுத்துக்கொள்ளும். கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூடச் சரிவில்லாத நிலத்தில், ஆறு தன் மனம்போன போக்கில் போவதாகப் படம் வரும். தெரிந்த ஆற்றுக்கோட்டை உயரப்படத்தில் பள்ளமாகச் செதுக்கிவிட்டு மறுபடி ஓட்டுவதே வழி.

நீரின் அளவுக் கணக்கில் மென்பொருளைக் குறை சொல்ல அதிகமில்லை. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் வழிந்தால் 1,000 கன மீட்டர். மீதியெல்லாம் கட்டங்களைப் பெருக்கிக் கூட்டுவதுதான். பயிர்ப் பரப்பைப் பார்க்க சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் நன்று. ஆனால் மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும் என்பதால் சென்டினல்-1 ரேடார் படங்களையும் சேர்த்துக்கொள்வேன்.

தரத்துக்கு வருவோம். மாதிரி எடுத்த புள்ளிகளில் நீரின் உவர்ப்பைக் காட்டும் மின்கடத்துதிறனை இட்டு, தொலைவின் தலைகீழ் எடையில் (அருகிலுள்ள புள்ளிக்கு அதிக எடை தந்து) இடைப்பட்ட இடங்களின் மதிப்பைக் கணிக்கும் இடைக்கணிப்பு செய்தால், பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக அழகான படம் ஒன்று சில நொடிகளில் வந்துவிடும். அந்த அழகுதான் ஆபத்து. இந்த முறை தொலைவை நேர்கோட்டில் அளக்கிறது. தண்ணீரோ ஆற்றின் வழியே ஓடுகிறது. இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில், நடுவில் ஒரு மேட்டை வைத்துக்கொண்டு ஓடும் இரு துணையாறுகளில் ஒன்று உவர்ப்பாகவும் மற்றது நன்னீராகவும் இருக்கலாம். படமோ இரண்டையும் குழைத்து நடுத்தரமாக்கிவிடும். தண்ணீரே ஓடாத மேட்டுக்கும் சேர்த்து வண்ணம் பூசும்! கிணற்று நீருக்கு ஓரளவு பொருந்தும் இந்த முறையை ஆற்று நீருக்கு நான் கைவிட்டுவிட்டேன். சங்கமத்துக்குச் சங்கமம் ஆற்றுக்கோட்டைத் துண்டாக்கி, துண்டுக்கு ஒரு வண்ணம் கொடுக்கிறேன். படம் பகட்டாக இராது. ஆனால் எந்த மதகுக்கு எந்த நீர் வருகிறது என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டலாம்.

மின்கடத்துதிறனை மட்டும் வைத்துப் பச்சைக்கொடி காட்டுவதும் தவறு. உலக உணவு வேளாண்மை அமைப்பின் 1985ஆம் ஆண்டு வழிகாட்டிப்படி மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே உவர்ப்புக் கவலை இல்லை. 3க்கு மேல் கடுமை. கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டு நீரில் சோடியம் எவ்வளவு என்று காட்டும் சோடியம் உறிஞ்சு விகிதம் இதனோடு ஒட்டி நடப்பதில்லை. மின்கடத்துதிறன் 2, விகிதம் 10 என்றிருக்கும் நீர், மழைநீர் சேர்ந்து நான்கு மடங்கு நீர்த்தால் முன்னது 0.5 ஆகிறது, பின்னது பாதியாகத்தான் குறைந்து 5இல் நிற்கும். உவர்ப்புப் படத்தில் அந்தத் துண்டு மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும். அதே வழிகாட்டியின் நீர் உட்புகு அட்டவணையிலோ பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போகும், மண் இறுகித் தண்ணீரை உள்ளே விட மறுக்கும் என்று. இரண்டு படங்களையும் பருவவாரியாக அடுக்கி வைத்துப் புரட்டிப் பார்க்கும் வேலைக்கு கியூஜிஐஎஸ்ஸின் அடுக்கு வசதி அருமை.

ஆற்றின் வழியே தொலைவை அளந்து இடைக்கணிப்பு செய்யும் கருவி இதில் இயல்பாக வருவதில்லை. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் அதற்கென எஸ்எஸ்என்2 தொகுப்பு இருக்கிறது. ஆனால் துணையாறுகள்தோறும் போதுமான மாதிரிகள் கையில் இருந்தால்தான் அந்தப் பக்கம் போவதில் பயன் உண்டு.