பழைய திங்க்பேடுக்கு சாம்சங் 870 ஈவோ: கொடுத்த பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

2012இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் டி430 போன்றதொரு லேப்டாப்பை இன்னும் புழக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு, அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே தகவலைச் சேமிக்கும் டிரைவ்) பொருத்துவதைவிடப் பயனுள்ள செலவு வேறு எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். நான் என் டி430இல் பொருத்தியது சாம்சங் 870 ஈவோவின் 500 ஜிபி மாடல். 2021 தொடக்கத்தில் சந்தைக்கு வந்த இது, ஹார்டு டிஸ்க்குகளுக்கும் பயன்படும் சாட்டா இணைப்பில் இயங்கும் 2.5 அங்குல எஸ்எஸ்டி. முன்பு விண்டோஸ் தொடங்கி, எழுத ஒரு கோப்பைத் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். இப்போது அடுப்பைப் பற்றவைப்பதற்குள் திரை தயாராகிவிடுகிறது.

நொடிக்கு 560 எம்பி படிக்கும், 530 எம்பி எழுதும் என்று நிறுவனம் சொல்லும் எண்களில் இந்த மாற்றத்தின் காரணம் இல்லை. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கில், வேண்டிய தகவல் இருக்கும் இடம் சுழன்று படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரவே சராசரியாக 5.6 மில்லி விநாடி ஆகிறது. அந்த முனை உரிய தடத்துக்கு நகர்வதற்கு அதற்கு மேலும் பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடி பிடிக்கும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி எடுக்க வேண்டியிருப்பதாலும், இவ்வகை டிஸ்க் நொடிக்கு நூறு தேடல்களைத் தொடுவதே அரிது என்பதாலும், பிராசஸர் சும்மா காத்துக் கிடக்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று நிற்க, அதே வரிசையில் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி மட்டுமே காட்டுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். எஸ்எஸ்டியில் சுழலவும் நகரவும் எதுவும் இல்லாததால், ஒவ்வொரு தேடலும் 0.1 மில்லி விநாடி அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே, இதைவிடப் பழைய, சாட்டா இணைப்பின் முந்தைய தலைமுறையான சாட்டா 2 மட்டுமே உள்ள லேப்டாப்பில் மேல்வேகம் 270, 280 எம்பியோடு நின்றுவிட்டாலும், அன்றாட வேலையில் பலன் ஏறத்தாழ இதே அளவுக்குத் தெரியும்.

இந்தக் கணக்குப் புரிந்துவிட்டால் எதை வாங்குவது என்பதில் குழப்பம் வராது. விளம்பரங்களில் கண்ணைப் பறிக்கும், சாட்டாவைவிட வேகமான இணைப்பில் இயங்கும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியைப் பொருத்த இந்த லேப்டாப்பில் இடமே இல்லை. சாம்சங்கின் பெயரிலேயே வரும் 870 கியூவிஓ தோற்றத்தில் இதைப் போலவே இருந்தாலும், அதன் 1 டிபி (டெராபைட், அதாவது 1000 ஜிபி) மாடலில் இடைச்சேமிப்பு (எழுதுவதை முதலில் வேகமாக வாங்கிவைக்கும் பகுதி) நிரம்பியபின் எழுதும் வேகம் நொடிக்கு 80 எம்பிக்கு இறங்கிவிடும் என்று நிறுவனத்தின் விவரக் குறிப்பே சொல்கிறது. பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது இது பழைய ஹார்டு டிஸ்க்கின் வேகம்தான். ஈவோவில் தகவல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொள்ளத் தனி டிரேம் (வேக நினைவகச் சிப்) இருக்கிறது, ஐந்து ஆண்டு வாரன்டியும் இருக்கிறது. 500 ஜிபி மாடலுக்கு அந்த வாரன்டி 300 டிபி எழுதும் வரை செல்லும்; நாள் தவறாமல் 160 ஜிபி எழுதினாலும் ஐந்து ஆண்டு தாங்கும் கணக்கு அது. கடிதம், கணக்கு, பிரௌசர் என்று வேலை பார்ப்பவர் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடமாட்டார். எழுதி எழுதியே எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று இன்னமும் சொல்லும் கடைக்காரர்களை நம்ப வேண்டியதில்லை.

பொருத்தும் வேலையைப் பொறுத்தவரை, டி430ஐ வடிவமைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, அடிப்பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூவை எடுத்தால் பக்கவாட்டு மூடி வந்துவிடுகிறது. உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பட்டையைப் பிடித்து நிதானமாக இழுத்தால் டிஸ்க் முழுதாக வெளியே வரும். அதைச் சுற்றியுள்ள சட்டத்தையும் இரு பக்க ரப்பர் பட்டைகளையும் புதியதற்கு மாற்றி, இணைப்பு முனை பதியும் வரை உள்ளே தள்ள வேண்டும். ரப்பர் பட்டை இல்லாமல் செருகினால் டிரைவ் ஆட்டம் கொடுக்கும்.

பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதியதற்கு மாற்ற விரும்புபவர்கள் யுஎஸ்பி–சாட்டா கேபிள் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் எஸ்எஸ்டியையும் ஒரு கையேட்டையும் தவிர வேறெதுவும் கிடையாது, இந்த விலைக்கு இது கஞ்சத்தனம்தான். குளோனிங்குக்கு சாம்சங் இலவசமாகவே மென்பொருள் தருகிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் குப்பை சேர்ந்த விண்டோஸை நகலெடுத்தால் குப்பையும் கூடவே வரும் என்பதால், புதிதாக நிறுவுவதையே நான் பரிந்துரைப்பேன். அதிலும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த லேப்டாப்பின் மூன்றாம் தலைமுறை இன்டெல் பிராசஸரை ஏற்பதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் இதில் தங்குதடையின்றி ஓடுகிறது.

எஸ்எஸ்டி சரிசெய்யாத குறையும் உண்டு. ரேம் 4 ஜிபி மட்டுமே இருந்தால், பிரௌசரில் பத்துப் பக்கங்களைத் திறந்ததும் கணினி டிஸ்க்கையே நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கி மறுபடி மந்தமாகிவிடும். டிடிஆர்3 ரேம் பழைய பொருள் சந்தையில் மலிவாகவே கிடைப்பதால், இந்த வேலையோடு சேர்த்து அதையும் 8 ஜிபி ஆக்கிவிடுவது நல்லது.

இன்னொன்றையும் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் தவறுதலாக அழித்த கோப்பை மென்பொருள் கொண்டு மீட்க ஓரளவு வாய்ப்பு இருந்தது. எஸ்எஸ்டியில், அழித்த கோப்பு இருந்த இடத்தைக் காலிசெய்யலாம் என்று டிரைவுக்குச் சொல்லும் டிரிம் கட்டளை இயங்கியபின் அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. எனவே கழற்றிய பழைய டிஸ்க்கை எடைக்குப் போடாமல், யுஎஸ்பி உறையில் இட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அதன் நிலையைப் பார்த்து, மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (பழுதானதால் டிஸ்க் கைவிட்டு, வேறு இடத்தை மாற்றாகக் கொடுத்த பகுதிகளின்) எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் மட்டுமே நம்புங்கள்.