தெர்மோஸ்டாட்: மாற்றுவதா, கழற்றிவிடுவதா?

கார் சூடேறுகிறது என்று திருகோணமலையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனால், "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுங்கள், நம் வெயிலுக்கு அது தேவையில்லை" என்ற ஆலோசனை எளிதாகக் கிடைக்கும். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடியிருந்து, சூடேறியதும் திறந்துவிடும் சிறு வால்வுதான் தெர்மோஸ்டாட். என்னுடைய பழைய ஜப்பானிய பெற்றோல் காரில் அது மூடியபடியே இறுகிப்போனபோது எனக்கும் அதையே சொன்னார்கள்; நான் புதிதாக ஒன்றைப் போட்டேன்.

கழற்றிவிட்டால் செலவில்லை, மீண்டும் இறுகுவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் வெளியே 35 பாகை வெயில் அடித்தாலும் எஞ்சினுக்கு வேண்டியது 80 பாகைக்கு மேற்பட்ட சூடு. அது தாமதமானால் பெற்றோல் கூடுதலாக எரியும், ஒயிலில் ஈரம் சேரும், புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வரலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவுமன்று, பைபாஸ், அதாவது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும் குறுக்குவழிதான். பல ஜப்பானிய எஞ்சின்களின் தெர்மோஸ்டாட்டில் இரண்டு தட்டுகள் உண்டு: சூடேறும்போது மேல்தட்டு ரேடியேட்டருக்கான வழியைத் திறக்க, கீழே உள்ள சிறு தட்டு பைபாஸை அடைத்துவிடும். முழுவதையும் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடப்பதால், கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் போய்வரும் சமதரை ஓட்டத்தில் இது தெரியாது. மாத்தளை தாண்டிக் கண்டிக்கு ஏறும்போது, சூட்டைக் குறைப்பதற்காகச் செய்த வேலையே சூட்டைக் கூட்டிவிடும். அதன்பின் எஞ்சினின் மேல்மூடிக்கும் உடலுக்கும் இடையே உள்ள அடைப்பான ஹெட் கேஸ்கட் போனால் ஆகும் செலவோடு பார்க்கையில் புதுத் தெர்மோஸ்டாட்டின் விலை ஒரு பொருட்டே அல்ல. டீசல் வான்களில் எனக்குப் பழக்கம் குறைவு. ஆகவே பெற்றோல் கார்களை வைத்தே இதைச் சொல்கிறேன்.

வாங்கியதைப் பூட்டுமுன் சோதித்துக்கொள்வது நல்லது. அடியில் முட்டாதபடி நூலில் கட்டித் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து, 82 என்று பொறிக்கப்பட்டது அந்தப் பாகையை ஒட்டி ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு மெல்லத் திறக்கும். பூட்டும்போது, காற்று வெளியேறும் சிறு ஊசி மேற்பக்கம் இருக்க வேண்டும். கடலோரக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு புதியதையும் அரித்துவிடும் என்பதால் எஞ்சினுக்கான குளிர்விப்புத் திரவமான கூலன்ட் மட்டுமே ஊற்றுங்கள்.

கந்தளாய்ப் பக்கம் நடுவழியில் இறுகி நின்றுவிட்டால், கழற்றிவிட்டு வீடுவரை மெதுவாக ஓட்டி வருவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் புதியதைப் போட்டுவிட வேண்டும்.