டின்னில் வருவது மா மட்டும்தான்

மூத்தவனுக்கு மூன்றாம் மாதத்திலிருந்து சூப்பிப் போத்தல். இளையவளுக்கு ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், நான் வேலைக்குப் போன நாட்களிலும். இரண்டும் வவுனியாவில் ஓமந்தைப் பக்கம் ஒரே வீட்டில், ஒரே கிணற்றுத் தண்ணியில் நடந்தவை. கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருக்கும் பிள்ளைத்தாய்ச்சிகள் "அக்கா, எது சுகம்?" என்று கேட்டால் சொல்ல எனக்குக் கொஞ்சம் கதை இருக்கிறது. நடுநிலையாகச் சொல்ல வராது. நான் தாய்ப்பால் பக்கம்.

எது சத்து என்ற கேள்வியில் நேரம் போக்கத் தேவையில்லை. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பால் கொடுக்கவேணும், ஆறு மாதம்வரை தண்ணிகூட வேண்டாம், அதற்குப் பிறகு சாப்பாட்டோடு இரண்டு வயதும் தாண்டிக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுதான், வீடு வீடாக வரும் மருத்துவமாது, எங்கள் குடும்பநல மிஸி, முற்றத்தில் நின்று சொல்வதும் இதுதான். 2016ஆம் ஆண்டு அளவீட்டின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். ஆக, தெரியாமல் யாரும் போத்தலைத் தூக்குவதில்லை.

எனக்குச் சிக்கல் கலண்டரில் இருந்தது. காமென்ட்ஸில், அதாவது ஆடைத் தொழிற்சாலையில் வேலை. சட்டப்படி கிடைக்கும் பிரசவ லீவு 12 கிழமை, அதில் இரண்டு பிள்ளை பிறக்க முன்னமே கழியும். மிச்சம் பத்து. ஆறு மாதமென்றால் 26 கிழமை. நடுவில் கிடக்கும் அந்தப் பதினாறு கிழமையை எதால் நிரப்புவது? மூத்தவனுக்கு நான் பால்மாவால் நிரப்பினேன்.

போத்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெட்டியின் விலையைத்தான் முதலில் சொல்லுவார்கள். விலையும் சும்மா இல்லை. ஐந்தரைக் கிலோ பிள்ளை ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லிலீற்றருக்கு மேல் குடிக்கும், 400 கிராம் பெட்டி நாலு நாள் தாண்டாது. ஆனால் என்னைக் களைக்க வைத்தது தண்ணி. டின்னில் வருவது மா மட்டும்தான். கலக்கிய போத்தலில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்ட எங்கள் கிணறு.

எங்கள் கேத்திலின் அடியைப் பார்த்தால் விளங்கும். ஒரு கிழமைக்குள் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை படியும், கரண்டியால் சுரண்டினால் முட்டைக்கோது போலக் கழன்று வரும். அந்த வெள்ளை சூப்பியின் துளைக்கும் வரும். ஒருநாள் மூத்தவன் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு முகம் சிவக்கக் கத்தினான். துளை அடைத்துக் கிடந்தது. ஊசியை நெருப்பில் காட்டிக் குத்திவிட்டேன். துளை பெரிசாகி, பால் மளமளவென்று வந்து புரைக்கேறிவிட்டது. அதற்குப் பிறகு கையிருப்பில் எப்போதும் இரண்டு புதுச் சூப்பி.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கரைந்த உப்பு போகாது, தண்ணி வற்ற வற்றச் செறிவு கூடும். வவுனியா மாவட்டக் கிணறுகள் பலவற்றில் புளோரைட் அதிகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கும்போது முன்பல்லில் தெரியும் பழுப்புக் கறை அதனால் வருவது. அதுவும் கொதிக்க வைத்துப் போகிற சாமான் இல்லை. அதே கிணற்றுத் தண்ணியை நானும்தான் குடிக்கிறேன், ஆனால் தாய் குடிக்கும் புளோரைட்டில் மிகச் சொற்பமே பாலுக்குள் இறங்கும். மிஸி இதைச் சொன்ன அன்றைக்குத்தான் என் மனம் முழுதாகத் திரும்பியது. எங்கள் கிணற்றில் எவ்வளவு இருக்கிறதென்று நான் சோதிக்கக் கொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடவேணும்.

மாவும் கிருமியில்லாத சாமான் இல்லை. அதனால்தான் கொதித்த தண்ணி 70 பாகைக்குக் கீழே இறங்க முன்னம் மாவைப் போட்டுக் கலக்கி, பிறகு போத்தலைக் குளிர்தண்ணியில் வைத்து ஆற்றவேணும். கலக்கியது இரண்டு மணித்தியாலம்தான், பிள்ளை குடித்து மிச்சம் விட்டால் ஊற்றவேணும். கேட்க லேசாக இருக்கும். மார்கழி மழையில் விறகு ஈரம், இரவு இரண்டு மணி, பிள்ளை கத்துது, இவர் டோச்சைப் பிடிக்க நான் அடுப்பை ஊதுகிறேன். முந்தி கலக்கின பால் மேசையில் கிடக்கிறது. ஊற்றுவேனா? இரண்டு தரம் ஊற்றவில்லை. அதில் ஒருதரம் வயிற்றோட்டம். பாலோடுதான் சம்பந்தமென்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் எனக்கு வேறு சந்தேகம் இல்லை. கோடையில் வேறு கூத்து. புரட்டாசியில் கிணறு அடியைத் தொட்டுவிடும், தண்ணி பவுசர் வரும் நாளை எண்ணிக்கொண்டு ஏழு போத்தல் கழுவவேணும்.

இன்னொன்றும் நடக்கும், வெளியே ஒருவரும் சொல்லமாட்டார்கள். சம்பளத்துக்கு இன்னும் ஐந்து நாள் கிடக்க, பெட்டியின் அடி தெரிந்தால் கை தானாக ஒரு கரண்டி மாவைக் குறைக்கும். பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் மூத்தவனின் நிறைக்கோடு ஐந்தாம் மாதத்தில் படுத்துக் கிடப்பதை இப்போதும் எடுத்துப் பார்ப்பேன்.

மாவுக்கு வரிசையும் உண்டு. 2022இல் பால்மா, காஸ், எண்ணெய் எல்லாத்துக்கும் நின்றோம். எங்கள் சனத்துக்கு அது அதற்கு முந்திய வரிசையை ஞாபகப்படுத்தும். 2009 ஏப்ரல் 8, போரின் கடைசிக் கட்டத்தில், முல்லைத்தீவு மாவட்டத்து அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்காக நின்ற தாய்மார் மேலும் பிள்ளைகள் மேலும் ஷெல் விழுந்தது. என் மாமி எந்தக் கடையில் மா வரிசையைக் கண்டாலும் நிற்கமாட்டா. ஏனென்று நான் கேட்டதில்லை.

இளையவளுக்கு வருவோம். தாய்ப்பாலில் நான் முதல்தரம் விட்ட பிழை, இரவில் ஒரு போத்தல் கொடுத்தது. பிள்ளை எவ்வளவு குடிக்குதோ அவ்வளவு சுரக்கும், இரவுக் குடிதான் சுரப்பை ஊக்குவது. அதைப் போத்தலுக்குக் கொடுத்தால் பால் குறையும், குறைந்தது என்று இன்னொரு போத்தல். அப்படித்தான் மூத்தவனுக்கு "பால் காணாமல்" போனது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நல்லதென்று சொல்பவர்கள் உண்டு. என் கணக்கில் அது இரண்டு வேலையும் சேர்ந்த பாடு.

இந்தமுறை லீவு முடிய மூன்று கிழமைக்கு முன்னமே மிஸி கையால் பால் எடுக்கப் பழக்கினா. பெருவிரலும் மற்ற விரல்களும் கறுப்பு வட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால், நெஞ்சை நோக்கி அமத்தி, பிறகு பிதுக்கவேணும். முதல்நாள் ஒரு தேக்கரண்டி. பத்தாம் நாள் ஒரு சின்னக் கப் நிறைய. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கு, வேலையிடத்தில் பிள்ளை பராமரிப்பு இடம் இல்லையென்றால் ஒரு மணித்தியாலப்படி இரண்டு இடைவேளை சட்டத்தில் உண்டு. கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு தந்தார்கள், இடமாகத் தந்தது துணிக்கட்டு அடுக்கும் அறை. கதவுக்குக் கொளுக்கி இல்லை, சிநேகிதி ஒருத்தி வெளியே நிற்பாள்.

எடுத்த பாலை 25 பாகை அறையில் நாலு மணித்தியாலம் வைக்கலாம் என்பார்கள். எங்கள் சித்திரை அறையில் 25 பாகை எங்கே? ஐஸ்பெட்டிதான், வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜ், அங்கே நாலு நாள். அடுப்பில் வைத்துக் காய்ச்சக்கூடாது, சுடுதண்ணிக்குள் கப்பை வைத்து எடுத்தால் போதும். போத்தல் வேண்டாமென்று கப்பாலேயே மாமி பருக்கினா. முதல் இரண்டு நாள் பாதி சட்டைக்குள் போனது.

மாமிக்குத் தண்ணிதான் தீராத கவலை. "இந்த வெக்கைக்குப் பிள்ளைக்கு விடாய்க்கும் பிள்ளை, கொதிச்சாறின தண்ணி ஒரு கரண்டி குடுப்பம்."

"பாலே முக்கால்வாசிக்கு மேல தண்ணி மாமி. நீங்கள் ஈரத்துணியை எண்ணிப் பாருங்கோ."

எண்ணினா. ஆறு, ஏழு, ஒருநாள் எட்டு. ஆறுக்குக் குறையாமல் இருந்தால் பிள்ளைக்குப் பால் காணுது என்று அர்த்தம். அதற்குப் பிறகு தன் அக்கறை முழுவதையும் என் கோப்பைக்குள் போட்டா: சரக்குக்கறி, உள்ளி, முருங்கையிலை, வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் பால்சுறா வறை. சுறாவால் பால் கூடியதா, வயிறு நிறையச் சாப்பிட்டதால் கூடியதா, பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. கிளினிக்கில் தந்த திரிபோஷா சத்துமாவையும் விடவில்லை.

தாய்ப்பாலும் சும்மா வருவதில்லை. முதல் கிழமை காம்பு வெடித்து, பிள்ளை வாய் வைக்கும்போது கால்விரலெல்லாம் சுருண்டது. வாயைப் பெரிதாகத் திறக்கவிட்டுப் பிடிப்பைத் திருத்திய பிறகுதான் ஆறியது. ஒருதரம் பால் கட்டிக் காய்ச்சல். இரவு எழும்புவது நான் மட்டும், இவர் குறட்டை. அந்த ஒரு விசயத்தில் போத்தல் வெல்லும், தகப்பனும் கொடுக்கலாம்.

தாயில்லாப் பிள்ளை, தாய்க்குப் புற்றுநோய் மருந்து ஏறும் வீடு, இப்படியான இடத்தில் மாதான் உயிர். அங்கே என் கிணற்றுக் கதையைக் கொண்டுபோகக்கூடாது. பிறந்த நாளிலிருந்து மா மட்டும் கொடுத்து வளர்த்த அனுபவமும் எனக்கு இல்லை. உப்பு நீக்கி வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணிக் கான் வாங்கினால் பாதித் தொல்லை தீருமென்று ஒன்றுவிட்ட தங்கச்சி சொல்கிறாள். நான் மூத்தவனுக்குக் கடைசி ஒரு மாதம்தான் வாங்கினேன். கேத்திலில் வெள்ளை படியவில்லை, அவ்வளவுதான் கண்டது. அந்தத் தண்ணியையும் கொதிக்க வைக்கத்தான் வேணும்.

போன கிழமை இளையவளுக்கு ஆறு மாதம் முடிந்தது. குத்தரிசிச் சோற்றைக் குழைத்து, என் பாலிலேயே இளக்கி மாமி தீத்தினா. துப்பினாள், பிறகு வாயைத் திறந்தாள். சாப்பிட்டபின் குடிக்க இனித் தண்ணி வேணும். நேற்று இவர் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்த இருபது லீற்றர் கான் குசினி மூலையில் நிற்கிறது.