சாட்பாட், சட்டத் தரவுத்தளக் கருவி, ஜூனியரின் தேடல்: வழக்கறிஞர் எதை எதற்கு நம்பலாம்?

2023 ஜூன் 22 அன்று நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, 'மாட்டா எதிர் அவியாங்கா' வழக்கில் வாதி தரப்பு வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்ததற்கு இழப்பீடு கேட்ட எளிய வழக்கு அது. அவர்கள் தாக்கல் செய்த எழுத்துரையில் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகள் இடம்பெற்றிருந்தன. அவற்றுள் ஒன்றான 'வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்' தீர்ப்புக்கு, அமெரிக்கத் தீர்ப்புத் தொகுப்பின் 925ஆம் தொகுதி, 1339ஆம் பக்கம் என்ற குறிப்பும் தரப்பட்டிருந்தது. தொகுதியைப் பிரித்துப் பார்த்தால் அங்கே இருப்பது முற்றிலும் வேறு வழக்கு. வழக்கறிஞரோ, அது உண்மையான தீர்ப்புதானா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டு, 'ஆம்' என்ற பதிலை நம்பிவிட்டார்.

செயற்கை நுண்ணறிவை வழக்கறிஞர்கள் பயன்படுத்தலாமா என்ற கேள்வியைப் பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. பொதுவான சாட்பாட், தீர்ப்புத் தரவுத்தளத்துடன் இணைந்த கட்டணக் கருவி, ஜூனியர் உட்கார்ந்து தேடும் பழைய முறை ஆகிய மூன்றில், எந்த வேலைக்கு எது ஏற்றது என்றே கேட்க வேண்டும். ஒரு பதிலைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

முன்தீர்ப்பு தேடும் வேலையில் சாட்பாட்தான் கடைசி இடம் பெறும். ஒரு தீர்ப்பு எப்படி எழுதப்படும் என்ற சொல்லோட்டத்தை அது நன்றாகவே கற்றிருக்கிறது. ஆகவே, இல்லாத தீர்ப்பையும் இருப்பதைப் போன்ற நடையிலேயே தரும். ஆனால், தேதிவாரியாக நிகழ்வுகளை அடுக்குவது, நோட்டீஸின் வாசகத்தைச் செம்மையாக்குவது, குறுக்கு விசாரணைக்கான கேள்விகளை யோசிப்பது போன்றவற்றில் அது உண்மையிலேயே உதவுகிறது; மூல ஆவணம் நம் கையிலேயே இருப்பதால், பிழை உடனே கண்ணில் படும். இங்கே இடையூறு வேறொன்று. கட்சிக்காரர் நம்மை நம்பிச் சொன்னதை, அவருடைய சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது பாரதிய சாட்சிய அதிநியத்தின் (சாட்சியச் சட்டம்) 132ஆம் பிரிவு. வழக்குக் கட்டை அப்படியே ஓர் இலவச சாட்பாட்டில் ஏற்றுபவர், அது எங்கே சேமிக்கப்படுகிறது என்று கேட்டறியாமல் ஏற்றினால், அந்தக் கடமையோடு விளையாடுகிறார் என்றே சொல்வேன்.

கட்டணக் கருவிகள் இதைவிடப் பாதுகாப்பானவை, ஆனால் பிழையற்றவை அல்ல. லெக்ஸிஸ்நெக்ஸிஸ், தாம்சன் ராய்ட்டர்ஸ் நிறுவனங்களின் கருவிகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024இல் சோதித்தபோது, 17 முதல் 33 விழுக்காடு வரையிலான பதில்களில் இட்டுக்கட்டல் காணப்பட்டது. இந்தப் பிழை நுட்பமானது என்பதால் எனக்கு இது கூடுதல் கவலை தருகிறது. தீர்ப்பு உண்மையாக இருக்கும், இணைப்பைத் திறந்தால் பக்கமும் வரும். ஆனால் அந்தத் தீர்ப்பு சொல்லாத ஒன்றை அது சொன்னதாகவோ, பின்னால் செல்லாததாக்கப்பட்ட நிலைப்பாட்டை இன்றைய சட்டமாகவோ கருவி காட்டிவிடும். இல்லாத தீர்ப்பை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். இருக்கும் தீர்ப்பின் திரிந்த பொருளைக் கண்டுபிடிக்க, அதை முழுவதும் படித்தாக வேண்டும்.

ஜூனியரின் தேடல் மெதுவானது, சில தீர்ப்புகள் தவறியும் போகும். ஆயினும், படித்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார்; 'பத்தி 14இல் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகவும் ஒரு வரி இருக்கிறது, சார்' என்று அவர் சொல்வார். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 முதல் மின்தொகுப்பாக இலவசமாகவே கிடைப்பதால், சிற்றூர் அலுவலகத்துக்கும் சரிபார்க்கும் வசதி இல்லாமல் இல்லை.

மொழிபெயர்ப்பைத் தனியே பார்க்க வேண்டும். தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலமாக்கும் வேலையில் இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் மிகப் பெரிது. ஆனால் 'சுவாதீன ஒத்தி' என்பது அடமானம். கடனைத் தீர்த்துச் சொத்தை மீட்கும் உரிமை உடைமையாளருக்கு உண்டு. பேச்சுவழக்கில் 'ஒத்திக்கு வீடு' என்பதைக் குத்தகை போலவே சொல்கிறோம்; இயந்திரமும் குத்தகை என்று எழுதிவிட்டால், அந்த மீட்புரிமையே ஆவணத்திலிருந்து மறைந்துவிடும். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கு வகுத்த கொள்கை, இயந்திர மொழிபெயர்ப்பை மனிதர் சரிபார்க்க வேண்டும் என்று வலியுறுத்துவதை வழக்கறிஞர்களும் பின்பற்றலாம்.

ஆபத்து நம் அலுவலகத்துக்குள் மட்டும் பிறப்பதில்லை. 2025 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம் ஆராய்ந்த ஒரு வழக்கில், சுட்டப்பட்ட 45 மேற்கோள்களில் 18 தீர்ப்புகள் இல்லவே இல்லை. அவற்றைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு தேடித் தந்தவர் கட்சிக்காரர். வழக்கறிஞர் அவற்றைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டிருந்தார். இன்று நம் அலுவலகங்களுக்கும் கட்சிக்காரர்கள் கைபேசியில் தீர்ப்புகளோடு வருகிறார்கள். அந்தப் பட்டியலையும், கருவி தந்த பட்டியலைப் போலவே, ஒவ்வொன்றாகத் திறந்து படித்த பிறகே மனுவில் சேர்க்க வேண்டும்.