நட் டிரைவர் தானாகக் கிளம்ப இவ்வளவு பாடா?

யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்ட கையோடு, 'வீட்டு சர்வரில் நட் போடலாமாண்ணே?' என்று தம்பி ஒருத்தன் கேட்டான். நட் என்பது யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் மென்பொருள் (நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ்). பல வருஷமாக டெபியன் லினக்ஸில் அதை ஓட்டுகிறேன். கரண்ட் போனால், பேட்டரி தீரும் முன் சர்வரை ஒழுங்காக அணைத்துவிடும், அதில் குறையே சொல்ல முடியாது. என் கோபமெல்லாம் ஒரே இடத்தில்தான்: ரீபூட் ஆனதும் டிரைவர், அதாவது யூபிஎஸ்ஸோடு பேசும் பகுதி, தானாகக் கிளம்ப வேண்டும், பழைய வெர்ஷனில் கிளம்பாது.

டெபியன் 11-இல் இருந்தது நட் 2.7.4. பூட் ஆகும்போது யூஎஸ்பியில் யூபிஎஸ் தெரிவதற்குள் டிரைவர் முந்திக்கொண்டு தேடும், கிடைக்காவிட்டால் கைவிட்டுவிடும். ஆனால் டிரைவரிடம் தகவல் வாங்கித் தரும் நட்டின் சர்வர் பகுதி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியில் பார்த்தால் ஆக்டிவ் என்றே காட்டும். யூபிஎஸ் நிலையைக் காட்டும் யூபிஎஸ்சி கமாண்ட் அடித்தால்தான் 'டிரைவர் நாட் கனெக்டட்' என்று உண்மை வெளியே வரும். இந்த நிலையில் அடுத்த முறை கரண்ட் போனால் சர்வர் அப்படியே பட்டென்று அணையும், காவலுக்கு வைத்த மென்பொருள் இருந்தும் பிரயோஜனமில்லை! கான்ஃபிக்கில் மேக்ஸ்ரிட்ரை (எத்தனை முறை முயல்வது), ரிட்ரைடிலே (நடுவே எவ்வளவு நேரம் காத்திருப்பது) இரண்டையும் கூட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். டிவைஸைத் திறக்கும் அனுமதியைத் தரும் யூடெவ் விதி சரியாக உட்காராமல் டிவைஸ் ரூட் (நிர்வாகிப் பயனர்) பேரிலேயே இருந்தால் அதுவும் உதவாது, நட் பயனராக ஓடும் டிரைவரால் அதைத் திறக்கவே முடியாது.

2022-இல் வந்த 2.8.0 இதை நன்றாகவே சரிசெய்திருக்கிறது. கான்ஃபிக்கில் உள்ள ஒவ்வொரு யூபிஎஸ்ஸுக்கும் சிஸ்டம்டியில் தனி சர்வீஸ், டிரைவர் விழுந்தால் திரும்ப எழுப்பிவிடும். யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் தானே ஒட்டிக்கொண்டது, உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் பழைய வழிகாட்டிகள். ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டில் டிரைவரைக் கிளப்பும் வரியைப் போடச் சொல்வார்கள். 2.8-இல் அந்த வரி இருந்தால், அது கிளப்பிய டிரைவரும் சிஸ்டம்டி கிளப்பியதும் ஒன்றையொன்று கொன்றுகொண்டே இருக்கும், லாக் முழுக்க 'டூப்ளிகேட் டிரைவர் இன்ஸ்டன்ஸ்' என்றே வரும். இதை முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட வேண்டாமா?

தம்பிக்குச் சொன்னது இதுதான்: உன் யூபிஎஸ் ஏபிசி கம்பெனிப் பெட்டி என்றால் பேசாமல் அதற்கென்றே உள்ள ஏபிசியூபிஎஸ்டி மென்பொருளைப் போடு, பின்னணியில் ஓடுவது ஒரே டீமன், டிரைவர் தனி சர்வர் தனி என்ற பஞ்சாயத்தே கிடையாது. வேறு கம்பெனி என்றால் நட்தான், ஆனால் 2.8-க்குக் கீழே தொடாதே. எதைப் போட்டாலும் ஒருமுறை ரீபூட் செய்து, ஸ்டேட்டஸில் மெயின் கரண்டில் ஓடுவதைக் குறிக்கும் 'ஓஎல்' (ஏபிசியூபிஎஸ்டியில் 'ஆன்லைன்') வருகிறதா என்று பார்த்த பிறகு நம்பு.