உகந்தையிலிருந்து கதிர்காமம்: என் பொஞ்சோவும் அதன் தலைமூடியும்

"அக்கா, உங்கட பொஞ்சோ நல்லதா? இப்ப விலை குறைச்சிருக்கினம், வாங்கட்டா?" கொட்டாஞ்சேனையில் இருக்கும் சித்தியின் மகள் கேட்டிருக்கிறாள். இந்த ஆடிக்குக் கிழக்குக் கரையிலுள்ள உகந்தை முருகன் கோயிலில் யாத்திரைக் குழுவோடு சேர்ந்து காட்டுப்பாதையால் கதிர்காமம் நடப்பதாக அவளுக்கு நேர்த்தி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத அளவுக்கு அந்தப் பொஞ்சோவின் மேல் எனக்கு அன்பும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன். பாதயாத்திரை போக நினைக்கும் மற்றப் பெண்களுக்கும் உதவும்.

என்னிடம் இருப்பது சிலிக்கோன் பூசிய மெல்லிய நைலோன் பொஞ்சோ. கிட்டத்தட்ட 300 கிராம் இருக்கும். விரித்தால் ஓர் ஆள் படுக்கக்கூடிய நீள்சதுரத் துணி. நடுவில் தலை நுழைய ஓட்டை, அதைச் சுற்றித் தைத்த தலைமூடி, பக்கங்களில் அழுத்திப் பூட்டும் பொத்தான்கள், மூலைகளில் கயிறு கட்ட வளையங்கள். முதுகுப்பைக்கு மேலாகவே போட்டுக்கொள்ளலாம். வாங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. காட்டிலும் கண்டது, காலி வீதியிலும் கண்டது.

முதலில் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பில் இருக்கும் நாங்கள் கொழும்பு மழையை மனதில் வைத்துத்தான் மழைச்சாமான் வாங்குகிறோம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் வெள்ளவத்தையில் மழை கடல் பக்கமிருந்து சாய்ந்து அடிக்கும், ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். அதே நாட்களில் கிழக்கில் வெயில் கொளுத்தும். அந்தக் காற்று தன் மழையை மேற்கிலும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வரும்போது காய்ந்த சூடான கச்சான் காற்றாகத்தான் வருகிறது. கிழக்கின் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடு ஆண்டின் கடைசியில் வருவது. கதிர்காமத் திருவிழாவோ ஆடியில். ஆகவே யாத்திரையின் பெரும்பாலான நாட்களில் மழையே இருக்காது. எப்போதாவது ஒரு பின்னேரம் வானம் கறுத்து, இடி இடித்து, ஒரு மணித்தியாலம் அள்ளிக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் இதை நாள்கணக்காகச் சுமக்கிறோம். மழை இல்லாத நேரத்தில் என்ன வேலை செய்யும் என்பதைப் பார்த்துத்தான் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சுமை என்று நான் சொல்வது வெறும் பேச்சு இல்லை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வருபவர்கள் வெருகல், மண்டூர், திருக்கோவில் என்று கோயில் கோயிலாகத் தங்கி, ஊர்ச்சனங்கள் போடும் அன்னதானத்தைச் சாப்பிட்டு வரலாம். உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் குமண காட்டுக்குள் இறங்கினால் கடை இல்லை. அரிசி, மா, பருப்பு, தண்ணீர் எல்லாம் எங்கள் தோளில்தான். காட்டுக்குள்ளும் தண்ணீர் கொடுக்கும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதை மட்டும் நம்பிப் போக முடியாது. புறக்கோட்டையில் வாங்கும் தடித்த ரெயின்கோட் ஒன்றின் நிறைக்கு ஒரு நாள் சமையல் அரிசியைக் கொண்டுபோகலாம்.

விலை கூடிய, வியர்வை ஆவியை வெளியே விடும் ஜாக்கெட்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். என் கணவரிடம் ஒன்று இருந்தது. துணிக்கு உள்ளே ஈரப்பதன் கூடவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அந்த ஆவி வெளியேறும். இங்கே மழை பெய்யும்போது வெளிக்காற்றே ஈரத்தால் நிரம்பி நிற்கிறது, பிறகு ஆவி எங்கே போவது? மழையில் நனையாவிட்டால் வியர்வையில் நனைகிறோம். சட்டைச் சிட்டையில் 10,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அந்த உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று அர்த்தம். நடக்கிற ஆளுக்கு அதில் சிறு பங்கே போதும். எங்கள் சூட்டுக்கு வேண்டியது காற்றோட்டம். பொஞ்சோ பக்கம் திறந்திருப்பதால் அந்த விஷயத்தில் அது எல்லாவற்றையும் வென்றுவிடுகிறது. அப்புறம், அந்த ஜாக்கெட்டின் உட்பூச்சு எங்கள் அலுமாரியிலேயே பிசுபிசுத்து, நாற்றமடித்து, உரிந்துவிட்டது. பொலியூரித்தேன் பூச்சு சூட்டிலும் ஈரப்பதனிலும் அப்படித்தான் சிதையும், கொழும்புக் காற்றில் அது சீக்கிரமே நடந்துவிடுகிறது. சிலிக்கோன் பூச்சுக்கு அந்த வியாதி இல்லை. என்னுடையது இன்றைக்கும் வாங்கிய அன்று போலவே வழுவழுப்பாக இருக்கிறது.

இனி நல்லதைச் சொல்கிறேன். இந்தப் பொஞ்சோவுக்கு நான் மனதார நன்றி சொல்லும் இடம் ஆற்றங்கரை. குமுக்கன் ஆற்றில் குளிக்கும்போது எல்லோரும் ஒரே கரையில்தான். ஆண்கள் சாரத்தோடு சமாளித்துவிடுவார்கள். பெண்கள் பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு குளித்துவிட்டு, ஈரத்தோடு ஒரு பற்றை மறைவைத் தேடி அலைய வேண்டும். அது யானையும் கரடியும் இருக்கும் காடு, பற்றை மறைவுக்குத் தனியாகப் போவது நல்லதல்ல. பொஞ்சோவைத் தலையால் போட்டு, பக்கப் பொத்தான்களைப் பூட்டி, கையை உள்ளே இழுத்துக்கொண்டால் நின்ற இடத்திலேயே உடுப்பு மாற்றலாம். முதல் தடவை நான் அப்படி மாற்றியதைப் பார்த்துவிட்டு, மட்டக்களப்பிலிருந்து வந்த ஓர் அம்மா "தா சாமி, நானும் மாத்திப்போட்டுத் தாறன்" என்று வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கரையிலும் அது கைமாறிக்கொண்டே இருந்தது. விற்பவர்கள் யாரும் இந்தப் பயனைச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் முதலாவது பயன், மழை அதற்குப் பிறகுதான்.

இரவில் கீழே விரித்துப் படுக்கலாம். பனி விழுந்தால் இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி மேலே போடலாம். ஈர நிலத்தில் விரித்தால் மட்டும் உடம்பு அழுத்தும் இடத்தில் தண்ணீர் கசிந்து மேலே வரும். கீழே ஒரு பொலித்தீன் தாள் போட்டால் சரி. துணி வழுக்கும் என்பதும் உண்மை, சரிவில் படுத்தால் விடியும்போது பக்கத்துச் சாமியின் பையில் கால் முட்டும்.

இவ்வளவு நல்ல துணியில் அந்தத் தலைமூடியை ஏன் இப்படித் தைத்தார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

மெல்லிய நைலோன், முன்னால் விறைப்பான விளிம்பு இல்லை. மழை விழுந்தவுடன் கண்ணுக்கு மேல் தொங்கும். தலையைத் திருப்பினால் முகம் மட்டும் உள்ளே திரும்பும், மூடி முன்னாலேயே நிற்கும். பக்கத்தைப் பார்க்க உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அதன் சத்தம். காதோடு ஒட்டி நிற்கும் அந்தத் துணி ஒவ்வொரு அடிக்கும் சரசரக்கும். மழைத்துளி அதில் விழும்போது வேறு எந்தச் சத்தமும் காதில் ஏறாது. கொழும்பில் இது தெரியவே தெரியாது. யாத்திரைக்கு முன் மரைன் டிரைவில் பருவமழைக் காற்றில் போட்டு நடந்து பார்த்தேன். கடல் இரைச்சலும் பஸ் ஹோர்னும் அந்தச் சரசரப்பை மூடிவிட்டன. காட்டில் மூடுவதற்கு ஒன்றுமில்லை.

குமுக்கன் கடந்து நாவலடிப் பக்கம் போகும் ஒரு பின்னேரம், தூறல் விழுந்துகொண்டிருந்தது. வரிசை திடீரென்று நின்றது. நான் முன்னால் போனவரின் பையில் போய் மோதினேன். எல்லோரும் மூச்சைப் பிடித்து இடப்பக்கக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிளை முறியும் சத்தம் வேலைத் தாங்கி முன்னால் போன வேல்சாமிக்குக் கேட்டிருக்கிறது, எனக்குப் பின்னால் வந்த வயதான அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. அந்த அம்மா உரப்பையின் ஒரு பக்கத்தை வெட்டித் தலையில் கவிழ்த்திருந்தார். காது வெளியே இருந்தது. சிறிது நேரத்தில் யானை தன்பாட்டில் போய்விட்டது, நாங்களும் "அரோகரா" சொல்லி நடந்தோம். ஆனால் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நடைப்பயணத்துக்கு என்று சொல்லி விற்கும் பொருள், நடப்பவரின் காதை அடைக்கலாமா? காட்டில் எங்கள் பாதுகாப்பில் பாதி காதில்தான் இருக்கிறது.

சரிசெய்ய என்னால் முடிந்ததைச் செய்து பார்த்தேன். விளிம்பு வைத்த தொப்பியை உள்ளே போட்டால் கண் மறைவது தீர்ந்துவிடும், சத்தம் தீராது. கழுத்துக் கயிற்றை இறுக்கினால் காதோடு இன்னும் ஒட்டும். மூடியைப் பின்னால் தள்ளிவிட்டுக் குடை பிடித்தால் தார் வீதியில் நன்றாக இருக்கும், ஒற்றையடிப் பாதையில் முள் குடையைப் பிடித்து இழுக்கும். குடையும் இல்லாமல் மூடியும் இல்லாமல் நடந்தால் கழுத்து ஓட்டையால் தண்ணீர் இறங்கி மார்பு வரை நனைக்கும். மூடியை வெட்டிவிட்டுப் பட்டி வைத்துத் தைத்துத் தரும்படி தையற்காரரிடம் கேட்டேன். வழுக்குகிற துணி, ஊசி ஓட்டை விழுந்தால் ஒழுகும் என்று கைவிரித்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். விற்றவர்களுக்கு எழுதினேன், தொப்பி போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

நியாயமாக இன்னும் இரண்டு சொல்லவேண்டும். சிலிக்கோன் பூசிய துணியில் தையலை மூடும் நாடா ஒட்டாது. ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் நிறமில்லாத சிலிக்கோனை டேர்பன்டைனில் கரைத்து, தையல் நெடுகத் தூரிகையால் பூசி ஒரு நாள் காயவிட வேண்டும். நான் வீட்டு பல்கனியில் பூசினேன், இன்றுவரை தையலால் ஒரு துளி இறங்கவில்லை. மற்றது காற்று. பாணமைப் பக்க வெளிகளில் கச்சான் அடித்தால் பொஞ்சோ மேலே எழும்பி முகத்தில் அடிக்கும். இடுப்பில் ஒரு கயிறு கட்டினால் அடங்கிவிடும். முழங்காலுக்குக் கீழே எப்படியும் நனையும், அதற்கு மலையகத்தில் கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்கு போல ஒரு துண்டு கட்டலாம்.

மலிவான மெல்லிய பொலித்தீன் அங்கியை மட்டும் யாரும் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். முதல் முள்ளிலேயே கிழியும். கிழிந்ததைச் சுமக்க மனமில்லாமல் விட்டுவிட்டுப் போகிறார்கள், வீரை மரக்கிளையில் அது கிடந்து ஆடுவதைப் பார்க்க வயிறு எரிகிறது. முருகன் காட்டில் செய்யக்கூடிய காரியமா அது?

ஆகவே தங்கச்சி, விலை குறைந்திருந்தாலும் வாங்காதே. இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைப்பாய். ஆற்றங்கரையும் படுக்கையும் அதே துணியில், ஓட்டையில்லாத நீள்சதுர விரிப்பு ஒன்றாலும் நடக்கும். சுற்றிக்கொண்டு உடுப்பு மாற்ற இரண்டு கவ்விகள் சேர்த்து வாங்கு. தார் வீதிக்கு நல்ல குடை ஒன்று. வெயிலுக்கு அது எப்படியும் வேண்டும். காட்டுக்குள் மழை வந்தால் விரிப்பைத் தோளில் போர்த்துக்கொள், தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு நனைந்துவிடு, சூட்டு நாட்டில் ஒரு மணித்தியாலம் தலை நனைந்தால் ஒன்றும் ஆகாது. நான் இந்த வருடமும் என் பொஞ்சோவைத்தான் கொண்டுவருகிறேன், உகந்தை தாண்டினால் தலைமூடியைச் சுருட்டிக் கட்டிவிடுவேன். அந்த மூடியைக் கழற்றி மாட்டக்கூடியதாகச் செய்து யாராவது விற்றால் அன்றைக்கே இரண்டு வாங்குவேன், ஒன்று அம்மாவுக்கு.