கும் பட்டா, தப்ரீஸ் கம்பளியா?
ஈரானின் கும் நகரத்துக்குக் கம்பள நெசவில் பழம்பெருமை கிடையாது. 1930களில்தான் அங்கே தொழில் சூடுபிடித்தது. ஆனால் நல்ல கும் கம்பளத்தில் பாவு (நீளவாட்டு நூல்), ஊடு (குறுக்கு நூல்), முடிச்சு எல்லாமே பட்டு. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் வெளிர்நீலம், எதிர்ப்பக்கம் போனால் அதுவே கருநீலம். இழை ஒரே திசையில் சாய்ந்திருப்பதுதான் காரணம். புரட்டிப் பாருங்கள், பின்பக்கத்திலும் பூவேலை அச்சடித்த மாதிரி தெளிவாகத் தெரியும்.

ஈரானின் இன்னொரு நகரமான தப்ரீஸ் இந்தத் தொழிலில் பழைய கை. அங்கே கொக்கி வைத்த கத்தியால் இழையை இழுத்து முடிச்சுப் போடுவார்கள். நுணுக்கத்துக்கு 'ரஜ்' கணக்கு: 50 ரஜ் என்றால் சுமார் 7 சென்டிமீட்டரில் 50 முடிச்சு. கம்பளியில் பட்டின் பளபளப்பு வராது, ஆனால் மிதிபட்டாலும் தாங்கும். பட்டு தண்ணீருக்கே பயப்படும். சரி, அதைச் சுவரில் மாட்டிவிடலாம். குழந்தைகள் ஓடும் கூடத்துக்கு என் ஓட்டு தப்ரீஸுக்கே.